ராணுவ மெடிக்கலுக்கு மூன்று மாதம் முன்பே தயாராவது எப்படி?

அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் ஓட்டத்துக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். எழுத்துத் தேர்வுக்குக் கோச்சிங் போகிறார்கள். மெடிக்கலுக்கு மட்டும் ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை. கேட்டால், "அது நம்ம கையிலயா இருக்கு?" என்கிறார்கள். பெரும்பகுதி நம் கையில்தான் இருக்கிறது. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி, பீமில் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) 10 எடுத்து முழு மதிப்பெண் வாங்கியவன், காதில் அடைத்திருக்கும் குரும்பிக்காகவும் தொடையிடுக்குப் படர்தாமரைக்காகவும் கையில் சீட்டோடு வெளியே வருவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

இந்தக் கட்டுரை ராணுவத்தில் சிப்பாய் நிலையில் சேரப் போகிறவர்களுக்கானது. அதிகாரி பணிக்குப் போகிறவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வுதான் முதல் படி. அதில் தேறியவர்களை ராலி எனப்படும் ஆள்சேர்ப்பு முகாமுக்குக் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி ஆகிய மூன்று ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டம் எதில் வருகிறது என்பது அறிவிக்கையில் இருக்கும். ராலியில் ஓட்டம், பீம், 9 அடிப் பள்ளம் தாண்டுவது, ஜிக்-ஜாக் கட்டையில் நடப்பது, பிறகு உயரம், மார்பளவு, எடை, சான்றிதழ் சரிபார்ப்பு. இவ்வளவும் தாண்டியவர்களுக்குத்தான் மெடிக்கல்.

14 நாள் கணக்கு

ராலி மைதானத்தில் டாக்டர்கள் ஏதாவது குறை கண்டால், அங்கேயே கதை முடிந்துவிடாது. குறையை எழுதி, குறிப்பிட்ட ராணுவ மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரிடம் மறுபரிசோதனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு தருவார்கள். அதைப் பொதுவாக 14 நாளுக்குள் முடித்தாக வேண்டும்.

இப்போது யோசியுங்கள். 14 நாளில் என்ன சரியாகும்? காது குரும்பியை எடுத்துவிடலாம். சொத்தைப் பல்லை அடைத்துவிடலாம். படர்தாமரை? வாய்ப்பே இல்லை, அதற்கு வாரக்கணக்கில் மருந்து வேண்டும். விரைவீக்கம், மூலம், குடலிறக்கம்? ஆபரேஷன் செய்து தையல் ஆறுவதற்கே நாள் போய்விடும். ஆகவே உங்கள் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு குறையையும் "இது சரியாக எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டுப் பிரித்து வையுங்கள். நாள் அதிகம் பிடிப்பதை முதலில் ஆரம்பியுங்கள். எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் அன்றே ஆரம்பித்தால் ரொம்ப நல்லது. ராலிக்கு அட்மிட் கார்டு வந்த பிறகு ஆரம்பிப்பது தாமதம்.

முதல் வாரம்: வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்

டாக்டரிடம் போவதற்கு முன் செலவே இல்லாமல் சில விஷயங்களைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு டேப், ஒரு கண்ணாடி, ஒரு நண்பன் போதும்.

உயரம்: தமிழ்நாட்டுப் பையன்களுக்கு ஜெனரல் டியூட்டி எனப்படும் பொதுச் சிப்பாய் பணிக்கு 166 சென்டிமீட்டர். கிளர்க் பிரிவுக்கு 162. ராணுவத்தில் இருப்பவர், இருந்தவர் மகன்களுக்கு 2 சென்டிமீட்டர் சலுகை உண்டு. மனித உடம்பு காலையில் கொஞ்சம் உயரமாகவும் மாலையில் கொஞ்சம் குட்டையாகவும் இருக்கும். நாளெல்லாம் நிற்பதாலும் உட்காருவதாலும் முதுகெலும்பின் தட்டுகள் அமுங்குவதே காரணம். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கலாம். 166-ஐ ஒட்டி நிற்பவர்கள் இரவு முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து நேரே வரிசையில் நிற்க வேண்டாம். முந்தின நாளே போய்ப் படுத்துத் தூங்குங்கள். உயரம் கூட்டும் பவுடர், பெல்ட் என்று விற்பதையெல்லாம் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள்.

மார்பு: சாதாரணமாக 77 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். மூச்சை இழுக்கும்போது தோளைத் தூக்கினால் அளப்பவர் கண்டுகொள்வார். விலா விரிய மூச்சு இழுப்பதைத் தினமும் டேப் சுற்றியே பழகுங்கள்.

முட்டி: நேராக நின்று இரண்டு முட்டிகளும் லேசாகத் தொடும்படி காலைச் சேருங்கள். கணுக்காலின் உட்பக்க எலும்புகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று நண்பனை அளக்கச் சொல்லுங்கள். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் முட்டி தட்டும் கால் என்று நிறுத்துவார்கள். தொடையில் சதை அதிகமாக இருந்தால் முட்டி சீக்கிரமே இடித்து, இடைவெளி உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு எடை குறைந்தால் அளவு மாறும். எலும்பே வளைந்திருந்தால் எந்தப் பயிற்சியும் நிமிர்த்தாது. முட்டிக்கு நடுவில் தலையணை வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி மாதங்களை வீணாக்காமல், எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டி உண்மையைத் தெரிந்துகொள்வது மேல்.

பாதம்: காலை நனைத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் மிதியுங்கள். பாதத்தின் உட்பக்கம் வளைவே இல்லாமல் முழுத்தடமும் விழுந்தால் தட்டைப் பாதமாக இருக்கலாம். உடனே பயப்பட வேண்டாம். குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் நிற்கும்போது வளைவு திரும்ப வருகிறதா பாருங்கள். வந்தால், வலியில்லாமல் ஓடவும் குதிக்கவும் முடிந்தால், பெரும்பாலும் சிக்கல் இல்லை.

முழங்கை: கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்பக்கம் திருப்புங்கள். முழங்கையிலிருந்து கை வெளிப்பக்கம் விலகும் கோணம் ஆண்களுக்கு 15 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து, சரியாகக் கட்டாமல் கூடிய கை பலருக்கு இங்கேதான் மாட்டும்.

காது: நண்பன் 20 அடி தள்ளி உங்களுக்குப் பின்னால் நிற்கட்டும். ஒரு காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அவன் கிசுகிசுக்கும் எண்களைத் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு அடுத்த காது.

இரண்டாவது வாரம்: அரசு மருத்துவமனை

மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனால் கண், காது-மூக்கு-தொண்டை, பல், தோல், அறுவை சிகிச்சை எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும். கூட்டம் இருக்கும், காலையில் சீக்கிரம் போங்கள். ஒவ்வொரு டாக்டரிடமும் "ஆர்மி மெடிக்கலுக்குப் போகிறேன், அந்தக் கணக்கில் பாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரண நோயாளிக்கு "இதெல்லாம் ஒன்றும் இல்லை, போ" என்று சொல்லும் விஷயமே ராணுவத்தில் அன்ஃபிட்டாக இருக்கலாம்.

கண்ணில் தூரப் பார்வை, கண்ணாடி இல்லாமல், ஒவ்வொரு கண்ணிலும் 6/6 இருக்க வேண்டும். ஆறு மீட்டர் தூரத்திலிருந்து அந்தச் சின்ன எழுத்து வரிசையைப் படிப்பதுதான் 6/6. ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் மறு கண்ணின் குறை நமக்கே தெரியாது. அதனால் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள், மூடும்போது கண்ணை அழுத்தாதீர்கள், அழுத்தினால் அந்தக் கண்ணுக்கு முறை வரும்போது மங்கும். கிட்டப்பார்வை வந்துவிட்டால் கேரட்டும் கண் பயிற்சியும் அதைத் திருப்பாது.

நிறப் பார்வைக் குறை பிறவியில் வருவது. புள்ளிகளுக்கு நடுவே எண் தெரியும் இஷிஹாரா புத்தகத்தைப் போனில் இறக்கி மனப்பாடம் செய்யும் பையன்கள் இருக்கிறார்கள். பக்கத்தை மாற்றிக் காட்டினாலோ, விளக்கு வைத்துச் சிவப்பும் பச்சையும் காட்டிக் கேட்டாலோ வேலைக்கு ஆகாது.

பல்லுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 14 பாயிண்ட் வேண்டும். முன்பற்களுக்கும் கோரைப் பற்களுக்கும் முன்கடைவாய்ப் பற்களுக்கும் தலா 1, பெரிய கடைவாய்ப் பற்களுக்குத் தலா 2. ஆனால் மேல்பல்லுக்கு நேரே கீழ்பல் இருந்தால்தான் அந்த ஜோடிக்குப் பாயிண்ட். ஞானப்பல் ஒன்றுகூட முளைக்காவிட்டாலும் மற்ற எல்லாம் இருந்தால் 18 வரும். நன்கு முளைத்த ஞானப்பல் நான்கும் இருந்தால் 22. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் மேலே இருக்கும் நல்ல பல்லும் கணக்கில் போய்விடும், 2 பாயிண்ட் காலி. ஞானப்பல் இல்லாமல், கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு கடைவாய்ப் பல் பிடுங்கியவன் 14-இல் வந்து நிற்பான், அதற்கு மேல் ஒன்று போனால் அவ்வளவுதான். எனவே வலிக்கிறது என்று போனதும் "பிடுங்கிடலாமா?" என்று கேட்டால் சரி என்று தலையாட்டாதீர்கள். காப்பாற்ற முடிந்த பல்லைக் காப்பாற்றச் சொல்லுங்கள். நன்றாக அடைத்த பல், பல்லாகவே கணக்கில் வரும். ஈறில் ரத்தம் கசிந்தால் சுத்தம் செய்துகொள்ளுங்கள். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

காது விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கங்கள்தான் முதல் எதிரி. ஹேர்பின், தீக்குச்சி, கோழியிறகு, காய்ச்சிய எண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள். பட்ஸ்கூட குரும்பியை வெளியே எடுக்காது, இன்னும் உள்ளே தள்ளிச் செவிப்பறையில் அடைத்துவிடும். டாக்டர் செவிப்பறையைப் பார்க்க முடியவில்லை என்றால் உங்களை ஃபிட் என்று எழுத மாட்டார். குரும்பியை இளக்கும் சொட்டு மருந்தைச் சில நாள் விட்டு, காது டாக்டரிடம் எடுத்துக்கொள்வதுதான் வழி. சீழ் வடிந்த காது, ஓட்டை விழுந்த செவிப்பறை என்றால் நாள் பிடிக்கும், முன்கூட்டியே காட்டுங்கள். மூக்குத் தண்டு வளைவும் இதே டாக்டர் பார்ப்பதுதான்.

கூச்சத்தால் தோற்கும் இடம்

படர்தாமரை, விரைவீக்கம், விரையில் ரத்தக்குழாய் சுருட்டிக்கொள்ளும் வேரிகோசீல், குடலிறக்கம், மூலம். இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வருகிறவர்கள் ஏராளம். அம்மாவிடம் சொல்ல முடியாது, அப்பாவிடம் பேச்சே கிடையாது, நண்பர்களிடம் சொன்னால் கேலி. கடைசியில் வெறும் ஜட்டியோடு வரிசையில் நிற்கும்போது ராணுவ டாக்டர் கண்டுபிடிக்கிறார்.

படர்தாமரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் ஓடி, வியர்வையில் நனைந்த ஜட்டியோடே ஒரு மணிநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வந்ததும் மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு கிரீம்" கேட்டு வாங்குகிறான். அப்படிக் கொடுக்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு குறையும், ஆனால் பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். தோல் டாக்டரிடம் போய் மாத்திரையும் களிம்பும் வாங்கி, அவர் சொன்ன காலம் முழுக்கப் போடுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்தாதீர்கள். ஜட்டி, டவலை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். அடுத்தவர் டவலைத் தொடாதீர்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து மருந்து வாங்குங்கள், இல்லையென்றால் சுற்றிச் சுற்றி உங்களிடமே வரும்.

வேரிகோசீல் பெரும்பாலும் இடப்பக்கம் வரும். நிற்கும்போது விரைக்கு மேலே மண்புழுக்களை முடிந்து வைத்ததுபோல் கையில் தட்டுப்படும், படுத்தால் குறையும். வலி இருக்காது என்பதால் பலருக்குத் தெரியவே தெரியாது. இருமும்போது தொடையிடுக்கில் ஏதாவது புடைத்தால் குடலிறக்கம். சந்தேகம் வந்தால் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் இடைவெளி விட்டே மெடிக்கலுக்குப் போக வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பச்சை குத்தியவர்களுக்கு

முழங்கையின் உட்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்பகுதியிலும் புறங்கையிலும் மட்டும்தான் நிரந்தரப் பச்சைக்கு அனுமதி. நெஞ்சில் அம்மா பெயர், கழுத்தில் தேள், புஜத்தில் சாமி, எல்லாமே சிக்கல். பழங்குடியினருக்கு அவர்கள் மரபுப்படி விலக்கு உண்டு. லேசர் போட்டு அழிக்கப் பல தடவை உட்கார வேண்டும், செலவும் ஆகும், தழும்பும் விழலாம். திருவிழாக் கடையில் ஊசியைப் பார்த்ததும் கையை நீட்டும் தம்பிமார்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

கடைசிப் பத்து நாளும் மெடிக்கல் நாளும்

எடை குறைவானவர்கள் காலையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு பாட்டில் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு தராசில் ஏறுவது பழைய தந்திரம். அதற்குப் பிறகு வாந்தியோடு மெடிக்கல் வரிசையில் நிற்பார்கள். முட்டை, கடலை, பயறு, வாழைப்பழம் என்று மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் தசையாகவே ஏறும். ஜிம்மில் யாரோ தரும் ஊசி, பெயர் தெரியாத பவுடர் பக்கம் போகாதீர்கள். ஊக்க மருந்து சோதனையும் உண்டு.

காபி, எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டு ரத்த அழுத்தம் பார்க்கப் போகாதீர்கள். 140/90-ஐத் தாண்டினால் பிரச்சினை. பதற்றத்தால் ஏறுகிறவர்களும் உண்டு, உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட்டால் இறங்கும். கடுமையாக ஓடிய பிறகு சிறுநீரில் தற்காலிகமாகப் புரதம் தெரியக்கூடும், ஆகவே ஓட்டம் முடிந்ததும் தண்ணீர் நிறையக் குடித்து ஓய்வெடுங்கள். மெடிக்கல் நாள் காலையில் 'கடைசியாக ஒரு ரவுண்டு' ஓடும் வேலை வேண்டாம்.

குளித்து, நகம் வெட்டி, அக்குள், தொடையிடுக்கு முடியைக் கத்தரித்து, நல்ல ஜட்டி போட்டுப் போங்கள். பிளேடு போட்டு வெட்டுக்காயம் பண்ணிக்கொள்ளாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கும்? வரிசையாக நிற்க வைப்பார்கள். கையை உயர்த்து, விரலை மடக்கு, குந்தி உட்கார்ந்து எழு, குந்தியபடியே நட, விரல்நுனியில் நில் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். டாக்டரின் பார்வை உங்கள் முட்டியிலும் விரல்களிலும் முதுகெலும்பிலும்தான் இருக்கும். உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். எப்போதும் சொட்டச் சொட்ட வியர்க்கும் கை என்றால் அதுவும் ஒரு குறை, முன்பே தோல் டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். பிறகு தனியாக ஜட்டியை இறக்கச் சொல்லி, விரையில் கை வைத்து இருமச் சொல்வார்கள். குனிந்து காட்டச் சொல்வார்கள். அவர்களுக்கு இது அன்றைய நூறோடு நூற்றொன்று, நீங்கள் நெளிந்தால்தான் நேரமாகும்.

கட்டளைகள் பெரும்பாலும் இந்தியில் வரும். 'காங்ஸோ' என்றால் இருமு. 'மூ கோலோ' வாயைத் திற. 'லம்பி சாங்ஸ் லோ' நன்றாக மூச்சை இழு. 'பீச்சே முடோ' பின்பக்கம் திரும்பு. 'ஜுக்கோ' குனி. இவ்வளவு தெரிந்தால் முழிக்காமல் சமாளிக்கலாம்.

வலிப்பு, ஆஸ்துமா, பழைய ஆபரேஷன் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். அன்றைக்குத் தப்பினாலும் பயிற்சியில் வெளிவரும், வேலையும் போகும். வலிப்பு உள்ளவன் கையில் துப்பாக்கியோடு மலைச்சரிவில் நிற்பது அவன் உயிருக்கும் கூட இருப்பவன் உயிருக்கும் ஆபத்து.

அன்ஃபிட் என்று எழுதிவிட்டால்

மைதானத்திலேயே வாக்குவாதம் வேண்டாம். என்ன காரணம், எந்த மருத்துவமனை, எந்தத் தேதிக்குள் என்று சீட்டில் இருப்பதைப் படித்துப் புரிந்துகொண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அன்று மாலையே அந்தக் குறைக்கான டாக்டரைப் பாருங்கள். குறையே இல்லை என்று அவர் சொன்னாலும் மறுபரிசோதனைக்குப் போயே தீர வேண்டும், வெளி டாக்டர் சான்றிதழ் அங்கே செல்லாது. தேதி தவறினால் வாய்ப்புப் போய்விடும்.

மைதானத்து வாசலில் டீக்கடைப் பக்கம் ஒருவர் வருவார். "மெடிக்கல்ல எனக்கு ஆள் இருக்கு, பாதி இப்ப கொடு, மீதி ஆர்டர் வந்ததும்" என்பார். பத்துப் பேரிடம் வாங்குவார். அதில் தானாகவே தேறுகிறவர்களின் பணத்தை வைத்துக்கொள்வார், தேறாதவர்களிடம் "மேல சொல்லியும் முடியல" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் திருப்பித் தருவார், அல்லது போனையே எடுக்க மாட்டார். மொத்த வியாபாரமும் இதுதான். நிலத்தை அடகு வைத்துக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

அதிகாரி பணிக்குப் போகிறவர்கள்

என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி), சிடிஎஸ் (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு) வழியில் எஸ்எஸ்பி எனப்படும் தேர்வு வாரியத்தின் நேர்முகத்தில் தேர்ந்தவர்களுக்கு ராணுவ மருத்துவமனையில் நாள்கணக்கில் விரிவான பரிசோதனை நடக்கும். ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் உண்டு. ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து வயிறு முட்டக் காத்திருக்க வேண்டியிருக்கும். அன்ஃபிட் என்றால் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் 42 நாளுக்குள் போகலாம். 14 நாளோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி. கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் எனும் லேசர் கண் சிகிச்சை செய்ய நினைப்பவர்கள் 20 வயதுக்கு முன் செய்துகொள்ள வேண்டாம். தரைப்படை அதிகாரி பணிக்கு 20 வயதுக்குப் பிறகு செய்து ஓராண்டு கடந்திருக்க வேண்டும், கருவிழியின் தடிமனுக்கும் தனி அளவு உண்டு.

ஃபிட் ஆன பிறகு

மெரிட் பட்டியல் வந்து, பயிற்சி மையத்துக்குக் கிளம்பும் வரை சில மாதங்கள் ஓடும். அங்கே போனதும் மறுபடி உடம்பைப் பார்ப்பார்கள். இந்த இடைவெளியில்தான் பையன்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, செலக்ட் ஆன சந்தோஷத்தில் புஜத்தில் ரெஜிமெண்ட் சின்னத்தைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள், நண்பன் பைக்கில் மூன்று பேராகப் போய்க் கையை உடைத்துக்கொள்கிறார்கள். காலை ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தாவது தொடருங்கள். பைக்கில் ஹெல்மெட் போடுங்கள். படர்தாமரை மாத்திரை பாக்கி இருந்தால் முடித்துவிடுங்கள்.